தேர்வுகளால் கதை மாறும் கேம்கள்: முதல் கேமை வாங்குவதற்கு முன்

கதை சொல்லும் கேம் ஒன்று விளையாட வேண்டும், அதில் நான் எடுக்கும் தேர்வுக்கு மதிப்பு இருக்க வேண்டும். இந்த ஆசையோடு தேடத் தொடங்கிய எனக்கு, மனதுக்குப் பிடித்த முதல் கேம் கையில் கிடைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. தள்ளுபடி வந்த சமயத்தில் ஒரே நாளில் நான்கு கேம் வாங்கினேன். ஒன்று என் லேப்டாப்பில் ஓடவே இல்லை. இன்னொன்று ஒரு தொடரின் மூன்றாம் பாகம். யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை. மூன்றாவதைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலையாக எழுந்து போனேன், திரும்பி வருவதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு தாண்டிவிட்டது. நான்காவதன் கடைசிக் காட்சியை ஒரு வீடியோவின் முகப்புப் படத்திலேயே பார்த்துவிட்டேன்.

நான்குமே தவிர்த்திருக்கக்கூடியவை. யாராவது முன்பே சொல்லியிருந்தால் போதும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு சின்ன விளக்கம் முதலில்: தமிழில் ‘முடிவு’ என்றால் நாம் எடுக்கும் முடிவும் ஆகலாம், கதையின் முடிவும் ஆகலாம். குழப்பம் வேண்டாம் என்பதால், நீங்கள் எடுப்பதைத் ‘தேர்வு’ என்றும் கதை முடிவதை ‘எண்டிங்’ என்றும் எழுதுகிறேன்.

1. எந்த மாதிரித் தேர்வு வேண்டும் என்று முதலில் தெளியுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகக் கடைக்குப் போகிறார்கள். பிறகு “தேர்வுக்கு மதிப்பே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்” என்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது ஏன் தவறு என்பது ஒரு சின்னக் கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது.

ஒரு கேமில் பத்து இடங்களில் தேர்வு வருகிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு வழி என்று வையுங்கள். எல்லாமே நிஜமாகப் பிரிந்து போனால், பத்தாவது தேர்வின் முடிவில் 1,024 வெவ்வேறு கதைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுதி, நடிக்கவைத்து, காட்சி அமைக்க எந்த ஸ்டுடியோவாலும் முடியாது. அதனால் கதை சிறிது தூரம் பிரிந்து போகும், பிறகு ஒரு முக்கியச் சம்பவத்தில் மறுபடி ஒன்றுசேரும், மீண்டும் பிரியும். இந்த வகைக் கேம்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கட்டப்படுகின்றன. வித்தியாசம், எதை மாற்ற அனுமதிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நான் நான்காகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதல் வகையில் சம்பவங்களே மாறும். 2018-ல் வந்த ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ நல்ல எடுத்துக்காட்டு. முக்கியப் பாத்திரம் பாதியில் இறந்துபோனாலும் கதை நிற்காது, அவர் இல்லாமலேயே தொடரும். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் நீங்கள் வந்த பாதையையும், திறக்காமல் விட்ட கிளைகளையும் ஒரு வரைபடமாகக் காட்டுவார்கள். ‘அன்டில் டான்’ (2015) திகில் கதை. எட்டுப் பேரில் யார் பிழைக்கிறார், யார் இறக்கிறார் என்பது உங்கள் கையில். “என் தேர்வால் என்ன மாறியது என்று கண்ணால் பார்க்க வேண்டும்” என்பவர்கள் இங்கே தொடங்கலாம்.

இரண்டாம் வகையில் சம்பவங்கள் பெரிதாக மாறாது, மனிதர்கள் மாறுவார்கள். டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ (2012), ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ (2015) இரண்டும் இந்த வகை. கதை எங்கே போய் நிற்கும் என்பது ஓரளவு தீர்மானிக்கப்பட்டதுதான். ஆனால் அங்கே போய்ச் சேரும்போது யார் உங்களை நம்புகிறார், யார் முகம் திருப்புகிறார், ஒரு குழந்தை உங்களைப் பார்த்து என்ன கற்றுக்கொண்டது என்பதெல்லாம் உங்கள் தேர்வால் வந்தவை. மதிப்பே இல்லை என்ற புகாரை அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வகை இது. என் வரையில் நெஞ்சில் அதிக நாள் தங்கியதும் இதுவே. சரியான விடை இல்லாத கேள்வியை ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்கிறார். சில நொடிகளில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் கதையைப் பத்தடி நகர்த்தாவிட்டாலும், சொன்னது நான்தான்.

மூன்றாம் வகையில், நீங்கள் யார் என்பதே தேர்வு. ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) ஒரு துப்பறிவாளரின் கதை. அவருடைய 24 திறன்களும் 24 குரல்களாக மண்டைக்குள் பேசும். எந்தத் திறனை வளர்க்கிறீர்களோ அந்தக் குரல் ஓங்கி ஒலிக்கும், அதற்கேற்ப அவர் வேறொரு மனிதராகிவிடுவார். படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் நடக்கும் கேம்களும் இந்த வகையில் நிறைய உண்டு. ‘சாய்ஸ் ஆஃப் ரோபோட்ஸ்’ (2014) அப்படி ஒன்று.

நான்காம் வகையில் தேர்வு என்று திரையில் எதுவும் எழுதிக் காட்டப்படாமலே போகலாம். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) கேமில் நீங்கள் எல்லைச் சோதனை அதிகாரி. வருகிறவர்களின் ஆவணங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான் வேலை. ஆவணத்தில் பிழை இருக்கும் ஒரு தாய் கெஞ்சுகிறார். அனுமதித்தால் உங்கள் சம்பளம் குறையும், வீட்டில் குழந்தை பசியோடு இருக்கிறது. 20 எண்டிங் உண்டு, பலவும் முத்திரையால் வருபவை. ‘அண்டர்டேல்’ (2015) கேமில் எதிரே வருபவரைக் கொல்வதா, பேசி அனுப்புவதா என்பதே தேர்வு.

‘தி விட்சர் 3’, ‘பால்டர்ஸ் கேட் 3’, ‘மாஸ் எஃபெக்ட்’ போன்ற பெரிய ரோல் பிளேயிங் கேம்களிலும் அருமையான தேர்வுகள் உண்டு. ஆனால் சண்டை, பொருள் சேகரிப்பு, நீண்ட பயணம் எல்லாம் சேர்ந்தே வரும். முதல் கேமாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கதைக்காக வந்தவர் முதல் ஐந்து மணி நேரம் கட்டுப்பாடுகளைப் பழகுவதிலேயே சோர்ந்துபோகிறார்.

இந்த நான்கில் எது உங்களை இழுக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பக்கத்தில் ஆயிரம் கேம் கண்ணில் படும்போது அந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

2. கையில் தயாராக இருக்க வேண்டியவை

கணக்கு: அன்றாடம் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுத்தே, ஸ்டீம் போன்ற இணையக் கேம் கடையில் கணக்கைத் திறங்கள். ரசீது, விலைக் குறைப்பு அறிவிப்பு, பணம் திரும்பும் தகவல் எல்லாம் அதற்குத்தான் வரும். இரண்டு அடுக்குப் பாதுகாப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். வாங்கும் கேம்கள் எல்லாம் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டவை. கணக்குப் போனால் அத்தனையும் போய்விடும்.

சாதனம்: கேமின் பக்கத்தில் கீழே சிஸ்டம் தேவைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ‘குறைந்தபட்சம்’, ‘பரிந்துரை’ என இரண்டு பத்தி. உங்கள் கணினியின் பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு ஆகிய மூன்று விவரங்களையும் ஒரு முறை குறித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம். கதைக் கேம்தானே, லேசாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ‘அண்டர்டேல்’ கேட்பது 200 எம்பி இடம். ‘டெட்ராய்ட்’ கேட்பது 55 ஜிபி. ‘பால்டர்ஸ் கேட் 3’ கேட்பது 150 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில்.

கன்ட்ரோலர்: எழுத்துக் கேமுக்குத் தேவையில்லை. ‘டெட்ராய்ட்’, ‘அன்டில் டான்’ போன்றவற்றில், திரையில் காட்டும் பொத்தானை நொடியில் அழுத்த வேண்டிய காட்சிகள் உண்டு. அவை கன்ட்ரோலரை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை. கீபோர்டிலும் ஓட்டிவிடலாம், கைக்கு இதமாக இருக்காது.

ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வகைக் கேம்களில் பாதி உணர்ச்சி குரலில்தான் இருக்கிறது.

3. முதல் மாதம் பணம் செலவழிக்காதீர்கள்

இலவசமாகவே சுவை பார்க்க வழிகள் இருக்கின்றன. நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ கேமின் ஐந்து எபிசோட்களில் முதலாவது ஸ்டீமில் இலவசம். நேரத்தைப் பின்னோக்கித் திருப்பும் சக்தி கதாநாயகிக்கு இருப்பதால், ஒரு தேர்வை எடுத்துப் பார்த்து, உடனே மாற்றி எடுத்தும் பார்க்கலாம். புதியவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் கிடையாது. ‘டெட்ராய்ட்’ கேமுக்கு ஸ்டீமில் டெமோ உண்டு. பணயக்கைதியை மீட்கும் ஒரே காட்சிதான், ஆனால் அது பலவிதமாக முடியும். மூன்று முறை விளையாடிப் பாருங்கள். முதல் வகை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். அந்த டெமோ உங்கள் கணினியில் தடங்கலின்றி ஓடினால் முழு கேமும் ஓட வாய்ப்பு அதிகம் என்பது கூடுதல் லாபம். ‘அண்டர்டேல்’ கேமுக்கும் டெமோ இருக்கிறது.

எழுத்துக் கேம் பிடிக்குமா என்று பார்க்க, ‘சாய்ஸ் ஆஃப் கேம்ஸ்’ தளத்தில் பெரும்பாலான கதைகளின் தொடக்க அத்தியாயங்களை பிரவுசரிலேயே இலவசமாக வாசிக்கலாம். இட்ச்.ஐஓ தளத்தில் சிறிய படைப்பாளிகள் வெளியிடும் கேம்கள் ஏராளம். பலவற்றுக்கு விலையே இல்லை, சிலவற்றுக்கு விரும்பிய தொகையைக் கொடுக்கலாம். ட்வைன் என்ற இலவசக் கருவியில் செய்யப்பட்டவை பிரவுசரிலேயே திறக்கும், நிறுவ வேண்டியதில்லை.

‘டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்’ (2017) என்ற இலவச விஷுவல் நாவலை (படங்களோடு வசனங்களை வாசித்துப் போகும் கேம்) பலரும் பரிந்துரைப்பார்கள். அழகான பள்ளிக்கூடக் கதைபோலத் தெரியும். ஆனால் உள்ளே தற்கொலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் பற்றிய கடுமையான காட்சிகள் உண்டு. தொடக்கத்தில் வரும் எச்சரிக்கை வெறும் சம்பிரதாயம் இல்லை. மனம் தளர்ந்திருக்கும் நாட்களில் தொடாதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

4. தேடும் முறை

ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் டேக் என்ற அடையாளச் சொற்கள் ஒட்டப்பட்டிருக்கும். நமக்குப் பயன்படுபவை: சாய்சஸ் மேட்டர், மல்டிபிள் எண்டிங்ஸ், ஸ்டோரி ரிச், இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன், விஷுவல் நாவல். தேடல் பெட்டியில் இவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

முதல் பொறி இங்கேதான் இருக்கிறது. இந்த டேக்குகளை ஒட்டுவதில் விளையாடுபவர்களுக்கும் பங்கு உண்டு. கடைசியில் ஒரே ஒரு இடத்தில் இரண்டு கதவு இருக்கும் கேமுக்கும் ‘சாய்சஸ் மேட்டர்’ என்று ஒட்டியிருப்பார்கள். எனவே ஒற்றை டேக்கை நம்பாதீர்கள். இரண்டைச் சேர்த்துத் தேடுங்கள். வேண்டாத டேக்கை விலக்கவும் தேடல் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. சம்பவம் மாறும் வகை வேண்டுமென்றால் ‘சாய்சஸ் மேட்டர்’ உடன் ‘மல்டிபிள் எண்டிங்ஸ்’ சேருங்கள். சண்டை வேண்டாம் என்றால் ‘ஆக்‌ஷன்’ டேக்கை விலக்குங்கள். பட்டியல் பாதியாகச் சுருங்கும்.

எழுத்துக் கேம்களுக்கு ஐஎஃப்டிபி என்ற தரவுத்தளம் இருக்கிறது, வாசகர் மதிப்பீடுகளும் உண்டு. அங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். கட்டளையைத் தட்டச்சு செய்து விளையாடும் பழைய பாணிக் கேம்களும் அதே பட்டியலில் கலந்திருக்கும். தேர்வைச் சுட்டி விளையாடுபவை வேண்டுமென்றால் ட்வைன், இங்க், சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற கருவிகளில் செய்யப்பட்டவையா என்று பாருங்கள். 1995 முதல் நடக்கும் ஐஎஃப்காம்ப் போட்டியின் படைப்புகள் எல்லாம் இலவசம். ஒவ்வோர் ஆண்டும் வெளியாகின்றன. நடுவர்கள் முதல் இரண்டு மணி நேரத்தை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது விதி. அதனால் பெரும்பாலானவை ஒரே அமர்வில் முடிந்துவிடும். விஷுவல் நாவல்களுக்கு விஎன்டிபி என்ற தரவுத்தளம் உண்டு.

‘சிறந்த 50 கதைக் கேம்கள்’ போன்ற பட்டியல்களைக் கடைசியில் பாருங்கள். நான்கு வகைகளும் அதில் கலந்து கிடக்கும், உங்களுக்கு எது என்று அது சொல்லாது.

5. கடைப் பக்கத்தை வரிவரியாக வாசியுங்கள்

டிரெய்லரைப் பார்த்துவிட்டு வாங்கும் பொத்தானுக்குப் போகாதீர்கள். பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

மொழிப் பட்டியல்: இடைமுகம், குரல், சப்டைட்டில் மூன்றும் தனித்தனிப் பத்தியாக இருக்கும். குரல் இருக்கும் மொழியில் சப்டைட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். ‘டிஸ்கோ எலிசியம்’ பத்து லட்சம் சொற்களைத் தாண்டும் கேம், நடையும் கடினம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக வாசிக்கப் பிடிக்கும் என்றால் அது பெரும் விருந்து. வேகமாகக் கதை நகர வேண்டும் என்பவர்கள் அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கெடு: டெல்டேல் கேம்களில் பதில் சொல்ல சில நொடிகள்தான் தருவார்கள், எதுவும் சொல்லாமல் விட்டால் மௌனமே உங்கள் பதிலாகிவிடும். வாசிக்க நேரம் எடுப்பவர்களுக்கு இது பெரிய தடை. ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ முதல் கேமில் பெரும்பாலும் கெடு கிடையாது. எழுத்துக் கேம்களில் பொதுவாக இல்லை. 2022-ல் வந்த ‘ஆஸ் டஸ்க் ஃபால்ஸ்’ கேமில் கெடுவை நீட்டிக்கொள்ளும் அமைப்பு உண்டு. கூடவே எட்டுப் பேர் வரை சேர்ந்து, தங்கள் கைபேசியையே கன்ட்ரோலராக வைத்து வாக்களித்து விளையாடலாம். குடும்பமாக உட்கார விரும்புபவர்கள் அதைப் பாருங்கள்.

தொடர் முடிந்துவிட்டதா: எபிசோட் எபிசோடாக வரும் கேமை எல்லாம் வந்த பிறகே வாங்குங்கள். 2018 செப்டம்பரில் டெல்டேல் நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பியபோது ‘தி வாக்கிங் டெட்’ கடைசி சீசனில் ஒரு எபிசோட்தான் வந்திருந்தது, இரண்டாவது சில நாட்களில் வந்தது. ஸ்கைபவுண்ட் நிறுவனம் எடுத்து மீதி இரண்டையும் 2019-ல் முடித்துக் கொடுத்தது. எல்லாத் தொடருக்கும் அப்படி ஒரு கை கிடைத்துவிடாது.

எத்தனையாவது பாகம்: தேர்வுக் கேம்களில் முந்தைய பாகத்தின் சேவ் (நீங்கள் விளையாடியதைச் சேமித்த ஃபைல்) அடுத்ததற்குக் கொண்டுசெல்லப்படுவது வழக்கம். ‘மாஸ் எஃபெக்ட்’ கேமுக்கு மூன்று பாகமும் சேர்ந்த ‘லெஜண்டரி எடிஷன்’ (2021), ‘தி வாக்கிங் டெட்’ கேமுக்கு எல்லா சீசனும் சேர்ந்த ‘டெஃபினிட்டிவ் சீரிஸ்’ என்று தொகுப்புகள் இருக்கின்றன, அவற்றையே வாங்குங்கள். தனித்தனியாக வாங்குவதானால் எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே சாதனத்தில் வாங்குங்கள். ஒரு பாகத்தைக் கன்சோலிலும் அடுத்ததைக் கணினியிலும் வாங்கினால் உங்கள் தேர்வுகள் கூடவே வராமல் போகலாம். ‘தி விட்சர் 3’ விதிவிலக்கு. முந்தைய கேமில் என்ன செய்தீர்கள் என்பதை ஓர் உரையாடலிலேயே கேட்டுக்கொள்ளும், முன்கதை தெரியாமலும் தொடங்கலாம்.

உள்ளடக்க எச்சரிக்கை: வயது மதிப்பீட்டு எண்ணோடு நிற்காமல் அதன் கீழே உள்ள காரணங்களையும் வாசியுங்கள். ‘டெட்ராய்ட்’ கேமில் குழந்தை மீதான வன்முறை வருகிறது. ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ கதையில் தற்கொலை முக்கிய இடம் பெறுகிறது. தேர்வு உங்கள் கையில் இருப்பதால், படத்தில் பார்ப்பதைவிட இங்கே அந்தக் காட்சிகள் ஆழமாகத் தைக்கும். வேறு யாருக்காவது பரிசாகக் கொடுப்பதானால் இதை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

விமர்சனங்களில் ஸ்டீம் ஒரு நல்ல வடிகட்டி வைத்திருக்கிறது: எத்தனை மணி நேரம் விளையாடியவர்களின் கருத்து வேண்டும் என்று குறுக்கலாம். கேமின் முழு நீளத்தை ஒட்டி விளையாடியவர்களுடையதை மட்டும் பாருங்கள். அதிலும் நீளமானவற்றைத் தவிருங்கள், கதை உடைந்துவிடும்.

6. உங்கள் நேரத்தோடு பொருத்திப் பாருங்கள்

ஹவ் லாங் டு பீட் தளத்தில் கேமின் பெயரைப் போட்டால் சராசரி மணி நேரம் வரும். ‘மெயின் ஸ்டோரி’ என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கணக்காகச் சொன்னால், ‘ஆக்ஸன்ஃப்ரீ’ (2016) நான்கைந்து மணி நேரம். ‘அண்டர்டேல்’ ஆறேழு. ‘டெட்ராய்ட்’, ‘தி வாக்கிங் டெட்’ முதல் சீசன், ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ மூன்றும் பத்து முதல் பதினைந்துக்குள். ‘டிஸ்கோ எலிசியம்’ இருபதைத் தாண்டும். ‘தி விட்சர் 3’ ஐம்பது, ‘பால்டர்ஸ் கேட் 3’ அதற்கும் மேல்.

வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் ஐம்பது மணி நேரக் கேம் மூன்று மாதம் இழுக்கும். அதற்குள் முதல் வாரம் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது மறந்துவிடும். தேர்வுக் கேமில் அந்த மறதி கேமையே கொன்றுவிடும். பத்து மணி நேரத்துக்குள் உள்ளதை முதலில் எடுங்கள். எபிசோட் கேம் என்றால் வாரம் ஒரு எபிசோட் என்பது நல்ல அளவு.

7. விலை, தள்ளுபடி, பணம் திரும்பப் பெறுதல்

முழு விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. இந்த வகையில் நல்ல கேம்கள் பல, வெளிவந்து சில வருடங்கள் ஆனவை. தள்ளுபடியில் அடிக்கடி வரும். பிடித்ததை விஷ்லிஸ்ட்டில் போட்டு வையுங்கள், விலை குறையும்போது மின்னஞ்சல் வரும். ஸ்டீமின் பெரிய தள்ளுபடிகள் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வருகின்றன. இஸ் தேர் எனி டீல் என்ற தளத்தில் ஒரு கேம் இதுவரை எவ்வளவு குறைந்த விலைக்கு விற்றது என்ற வரலாறே இருக்கிறது. எபிக் கடை வாரந்தோறும் கேம்களை இலவசமாகக் கொடுக்கிறது. கணக்கு இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தள்ளுபடியில் ஒரு நேரத்தில் ஒரு கேம்தான் வாங்குங்கள். அடுத்த தள்ளுபடி நிச்சயம் வரும்.

பணம் திரும்பப் பெறும் விதிகளை வாங்குவதற்கு முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம் என்பது கேம் திறந்திருக்கும் நேரம். மெனுவில் சும்மா நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். எழுந்து போவதானால் மூடிவிட்டுப் போங்கள். ஒப்புதல் கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் வந்துவிடும். முழு விலைக்கு வாங்கிய சில நாட்களிலேயே தள்ளுபடி வந்துவிட்டால், திரும்பக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்குவதை அவர்கள் தவறாகக் கருதுவதில்லை. ஜிஓஜி கடையில் 30 நாள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கோருங்கள். சில கன்சோல் கடைகளில் டவுன்லோடு தொடங்கியதுமே உரிமை போய்விடும். டிரெய்லர், டெமோ எல்லாம் பார்த்து உறுதியான பிறகே அங்கே வாங்குங்கள்.

கைபேசியில் ‘இலவசக் கதை’ என்று வரும் ஆப்களில் தனி எச்சரிக்கை தேவை. இறக்குவது இலவசம். ஆனால் நல்ல தேர்வு ஒன்று வரும்போது அதன் மேல் வைரமோ ரத்தினமோ ஒட்டியிருக்கும், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அடுத்த அத்தியாயத்துக்குச் சாவி வேண்டும், சாவிக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேர்வின் எடையே மனச்சாட்சியில் இருக்கிறது. பணம் இருந்தால் நல்லவராகலாம் என்று ஆகிவிட்டால் அந்த எடை போய்விடும். கைபேசியில்தான் விளையாட வேண்டும் என்றால் ஒரே முறை விலை கொடுத்து முடிந்துபோகும் கேமை எடுங்கள். ‘80 டேஸ்’ (2014) அப்படிப்பட்டது. 150-க்கும் மேற்பட்ட நகரங்கள் வழியாக உலகைச் சுற்றும் கதை, ஒவ்வொரு பயணமும் வேறு.

8. முதல் இரண்டு மணி நேரத்தைச் சோதனையாக நடத்துங்கள்

கேமைத் திறந்ததும் அமைப்புகளுக்குப் போங்கள். சப்டைட்டிலைப் போடுங்கள், எழுத்தளவைப் பெரிதாக்குங்கள், பேசுபவர் பெயர் காட்டும் வசதி இருந்தால் அதையும். கடினநிலை கேட்டால் எளியதை எடுங்கள். ‘டெட்ராய்ட்’ கேமில் ‘கேஷுவல்’ நிலையில் பொத்தான் அழுத்தத் தவறியதற்காகப் பாத்திரத்தை இழக்கும் வாய்ப்புக் குறைவு. உங்கள் தேர்வால் ஒருவர் இறப்பது கதை, விரல் வழுக்கி இறப்பது எரிச்சல்.

பிறகு சேவ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ‘அன்டில் டான்’ தானாகவே சேமித்துக்கொண்டு போகும், பின்னால் போய் மாற்ற முடியாது. ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமில் எந்த நாளுக்கும் திரும்பிப் போய் அங்கிருந்து புதிய கிளையைத் தொடங்கலாம். ரென்பை என்ற கருவியில் செய்த விஷுவல் நாவல்களில் மவுஸ் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினால் கடந்துபோன வசனத்துக்கே திரும்பலாம். ‘அண்டர்டேல்’ நீங்கள் அழித்த சேவ் ஃபைலைக்கூட நினைவில் வைத்திருக்கும், அதில் அவசரப்பட்டு எதையும் ‘சோதித்து’ப் பார்க்காதீர்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்: யாராவது ஒரு பாத்திரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேனா? இல்லை என்றால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். ஊரே புகழ்ந்த கேமாக இருந்தாலும் சரி.

9. ஸ்பாய்லரிலிருந்து தப்பிக்க

கேமின் பெயரை வீடியோ தளத்தில் ஒரே ஒரு முறை தேடினாலும் போதும், மறுநாளிலிருந்து எண்டிங் வீடியோக்கள் முகப்புப் படத்தோடு வந்து நிற்கும். தேட வேண்டியிருந்தால் பிரவுசரின் இன்காக்னிட்டோ பக்கத்தில் தேடுங்கள். ஸ்டீமின் சாதனைப் பட்டியல், கம்யூனிட்டி ஸ்கிரீன்ஷாட்கள் இரண்டையும் விளையாடி முடிக்கும்வரை திறக்காதீர்கள். சாதனையின் பெயரே யார் இறக்கிறார் என்று சொல்லிவிடுவதுண்டு. எங்காவது மாட்டிக்கொண்டால் தொடக்கம் முதல் கடைசிவரை வழிகாட்டும் முழு வாக்த்ரூவைத் திறக்காமல், அந்தப் புதிருக்கு மட்டும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

10. முதல் ஆட்டத்தில் எதையும் திருத்தாதீர்கள்

தப்பான பதில் சொல்லிவிட்டோம் என்று தோன்றும். சேவ் ஃபைலைத் திறந்து மாற்றக் கை துடிக்கும். முதல் முறை மாற்றாமல் போங்கள். எபிசோட் முடியும்போது, மற்றவர்களில் எத்தனை சதவீதம் உங்களைப்போலத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சில கேம்கள் காட்டும். உடன் விளையாடும் நண்பர் இருந்தால் அந்தத் திரையை வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த உரையாடல்களில் சில அப்படி வந்தவை.

மறுபடி விளையாட விரும்பினால் முழுதும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ‘டெட்ராய்ட்’ கேமில் அத்தியாயத்தின் நடுவிலுள்ள இடங்களிலிருந்து தொடங்கலாம். ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ கேமில் ‘கலெக்டிபிள் மோட்’ என்று ஒன்று உண்டு. அதில் சுற்றிப் பார்ப்பது உங்கள் அசல் சேவ் ஃபைலைப் பாதிக்காது. அத்தியாயத் தேர்வு இல்லாத கேம்களில், பெரிய தேர்வுக்கு முன்னால் தனி சேவ் ஒன்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து அதைத் திறந்தால் போதும்.